மடங்காத முழங்கால்

நம் உடம்பில் உள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. நிற்கும்போது உடலின் பாரத்தைத் தாங்குவதும் அதுவே. நடக்கும்போது அந்தப் பாரத்தை ஓர் அடியிலிருந்து மற்றோர் அடிக்கு மாற்றித் தருவதும் அதுவே. குழந்தை தவழ்வதும், குயவன் சக்கரத்தின் முன் அமர்வதும், மாணவன் தரையில் சம்மணமிட்டு ஏட்டை விரிப்பதும், அடியார் இறைவன் திருமுன் மண்டியிடுவதும் முழங்கால் மடங்குவதால் அன்றோ? ஆயினும், அது நலமாக இருக்கும்வரை நாம் அதனை நினைப்பதே இல்லை. உப்பின் அருமை உப்பில்லாதபோது தெரியும் என்பார்கள். முழங்காலின் அருமையும் அத்தகையதே.

தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் கூடும் இடம் முழங்கால். முன்புறத்தே ஒரு சிறு சில்லு காவல் செய்கிறது. எலும்போடு எலும்பு உராயாதபடி, முனைகளின்மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இத்துணைச் சிறு இடத்தில் எவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 65 முதல் 70 பாகை வரை மடங்க வேண்டும். மாடிப்படி ஏறி இறங்க 80 பாகைக்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து எளிதாக எழுவதற்கு 90 பாகைக்கு மேல் வேண்டும். நம் நாட்டு வழக்கப்படி தரையில் குந்தவும் சம்மணமிடவும் இவை எல்லாவற்றையும்விட மிகுதியாக மடங்க வேண்டும். பாகைமானியில் நாம் விளையாட்டாகக் குறிக்கும் இந்த எண்கள் ஒருவருடைய அன்றாட வாழ்வின் எல்லைக் கற்களாக நிற்கின்றன.

முதுமையாலோ, அடிபட்டதாலோ, நோயாலோ குருத்தெலும்பு தேய்ந்து போவது உண்டு. அப்போது எலும்பு எலும்போடு உராய்கிறது. ஒவ்வோர் அடியும் வேதனையாகிறது. மருந்தும் பயிற்சியும் பயன்படாத நிலையில், அறுவை மருத்துவர் தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் முனைக்கு உலோகத் தொப்பி ஒன்றையும், கீழ்க்கால் எலும்பின் முனைக்கு உலோகத் தட்டு ஒன்றையும் பொருத்தி, இரண்டிற்கும் இடையே உறுதியான பிளாஸ்டிக்குத் துண்டு ஒன்றை வைக்கிறார். இதுவே முழங்கால் மாற்று அறுவை. ஊன்றுகோலும் கண்ணீருமாக வந்தவர்கள் தாமே நடந்து வீடு திரும்பும் காட்சியை இன்று பல ஊர்களிலும் காணலாம்.

ஆனால், எல்லார்க்கும் இந்தப் பேறு கிடைத்துவிடுவதில்லை. சிலருக்கு அறுவை பழுதின்றி முடிந்திருக்கும். புண்ணும் நன்கு ஆறியிருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் உலோகம் அதற்குரிய இடத்தில் அமைந்திருக்கும். ஆயினும் முழங்கால் மடங்காது. உள்ளே, மூட்டைச் சூழ்ந்த தசைநார்ப் பகுதிகளில், தடித்த தழும்பு வளர்ந்து மூட்டைக் கட்டிப்போட்டுவிடும். இது நூறு பேரில் ஏறத்தாழ மூவர் முதல் பதின்மர் வரை நேர்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. எண்ணிக்கையில் இது சிறிதாகத் தோன்றலாம். அந்தச் சிலருள் ஒருவர் நம் வீட்டில் இருப்பாராயின், அது சிறிதன்று.

என் பெரியம்மா அந்தச் சிலருள் ஒருவர். அறுபத்தாறாம் வயதில் அவர் வலக்காலில் மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டார். வலி நீங்கிவிட்டது என்று முதல் வாரத்தில் மகிழ்ந்தார். நாட்கள் செல்லச் செல்ல, கால் மரக்கட்டைபோல் நீண்டே நின்றது. பயிற்சி தருபவர் நாள்தோறும் வந்து பாகைமானியை வைத்துப் பார்ப்பார். 55, 60, 60, 62 என்று அவர் குறிப்பேட்டில் எழுதிய எண்கள் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தன. பிறகு ஊர்வதையும் நிறுத்திவிட்டன.

அரிவாள்மணை முன் அமர்ந்து காய் நறுக்குவதும், வாசலில் குந்திக் கோலமிடுவதும், பேரப்பிள்ளைகளோடு தரையில் பந்தியமர்ந்து உண்பதும் அவருக்கு இல்லாமற் போயின. அதனை அவர் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது வேறொன்று. நலம் விசாரிக்க வந்தவர்கள், "பயிற்சியைச் சரியாகச் செய்திருந்தால் கால் மடங்கியிருக்குமே! எதிர்வீட்டு அம்மாளைப் பாருங்கள், மூன்றே மாதத்தில் கோயிலுக்கு நடந்து போகிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, விடியற்காலையில் அவர் செய்த பயிற்சியை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவர் என்னிடம், "தம்பி! கத்தி வைத்த இடம் இப்போது நோகவில்லை. நான் சோம்பேறி என்ற சொல்தான் நோகிறது" என்றார்.

பத்தாம் வாரத்தில் மருத்துவர் அவருக்கு மயக்க மருந்து கொடுத்து, கத்தியின்றிக் கையாலேயே காலை மெல்ல மடக்கி, உள்ளே இருந்த தழும்பின் பிடியைத் தளர்த்தினார். அதன்பின் முழங்கால் ஏறத்தாழ 95 பாகை வரை மடங்கிற்று. பெரியம்மா இப்போது படி ஏறுகிறார், பேருந்தில் ஏறுகிறார். தரையில் அமர்வது மட்டும் கைகூடவில்லை. அவருடைய சொல் என் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்பியது. ஒரே வகையான அறுவை, ஒரே வகையான பயிற்சி. ஒருவருக்கு மடங்கும் கால் மற்றொருவருக்கு மடங்காதது ஏன்? இந்த வினாவுக்கு விடை தேடிப் படித்தபோதுதான், இதற்காகவே வாழ்நாளைச் செலவிடும் மனிதர்களைப் பற்றி அறிந்தேன்.

தழும்பு என்பது பகையன்று. முதலில் இதை நாம் உணர வேண்டும். விரலில் கத்தி பட்டால் குருதி வடிகிறது, உறைகிறது, அந்த இடம் சிவந்து வீங்குகிறது, பின்னர் இழைகளை நெய்யும் உயிரணுக்கள் அங்கு வந்து சேர்கின்றன. அவை கொலாஜன் என்னும் வலிய புரத இழைகளை நெய்து, பிளந்த இடத்தை மூடுகின்றன. இவ்வாறு மூடாவிடின் சிறு காயமும் உயிருக்கு இறுதியாகிவிடும். ஆகவே தழும்பு நம்மைக் காக்கும் கொத்தன்.

1971-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் ஆராய்ந்த கபியானி, ரயன், மாஜ்னோ என்னும் அறிஞர்கள் ஆறும் புண்ணில் ஒரு புதுமையைக் கண்டு எழுதினர். இழை நெய்யும் உயிரணுக்களுள் சில, தசையைப்போல் சுருங்கும் ஆற்றலும் பெற்றிருந்தன. நெய்வதோடு நில்லாமல், நெய்ததை இழுத்துப் பிடிக்கவும் அவை வல்லவை. புண்ணின் ஓரங்கள் நெருங்கி வருவதற்கு இவையே துணை. வேலை முடிந்ததும் இவை மடிந்து மறைந்துவிடுவது இயல்பு. ஆனால், சிலரது உடலில் இவை மறைவதில்லை. வீடு கட்டி முடிந்த பின்னும் வெளியேறாத கொத்தர்கள் சுவரின்மேல் சுவர் எழுப்பிக்கொண்டே இருந்தால் என்னாகும்? வாயிலும் அடைபட்டுப் போகும். முழங்காலில் நேர்வது இதுதான். ஈரலிலும் நுரையீரலிலும் இத்தகைய உயிரணுக்கள் அடங்காது பெருகும்போது அவ்வுறுப்புகளும் இறுகிக் கெடுகின்றன. ஆதலின், முழங்காலின் தழும்பை ஆராய்பவர் முழங்காலை மட்டும் ஆராய்பவர் அல்லர்.

ஆராய்ச்சி என்றவுடன், வெள்ளை அங்கி அணிந்த ஒரு பேரறிஞர் தனியே அமர்ந்து சிந்திப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மை அவ்வாறில்லை. மாற்று மூட்டின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அதில் முதலிடம் பெறுவது இடுப்பு மூட்டு. அதனை வெற்றிபெறச் செய்தவர் இங்கிலாந்து நாட்டின் லங்காசயர் பகுதியில், ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர். முன்னர்க் காசநோயாளருக்காக அமைந்த மருத்துவமனை அது. அங்கே ஒரு சிறு பட்டறையை வைத்துக்கொண்டு அவர் மூட்டுகளைச் செய்து பார்த்தார். அந்தப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர் ஹாரி கிரேவன் என்னும் தொழில் வல்லுநர். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர்; உலோகத்தைக் கடையவும் கருவி அமைக்கவும் கற்றவர்.

சார்ன்லி முதலில் இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டெஃப்லான் என்னும் வழுக்கும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 300 பேருக்கு அது பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் எல்லாரும் நன்கு நடந்தனர். சில ஆண்டுகளில் அந்தப் பிளாஸ்டிக்குத் தேய்ந்து தூளாக உதிர்ந்தது. தூள் சேர்ந்த இடத்தில் உடல் சீறி எழுந்து கட்டி போன்ற திசுவை வளர்த்தது, எலும்பும் அரிக்கப்பட்டது. சார்ன்லி அதனை மறைக்கவில்லை. நோயாளிகளை மீண்டும் அழைத்து, கெட்டுப்போன மூட்டுகளைத் தம் கையாலேயே எடுத்தார். தூளை உடல் எவ்வாறு ஏற்கிறது என்பதை அறியும்பொருட்டு, அதனைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டும் பார்த்தார். டெஃப்லான் தூள் புகுந்த இடம் முடிச்சாகப் பருத்து, தொட்டாலே தெரிந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவதோடு மருத்துவம் முடிவதில்லை, அவற்றைச் சூழ்ந்த உயிர்த்திசு என்ன செய்கிறது என்பதே முடிவான கேள்வி என்று உலகம் உணர்வதற்கு அந்தத் தோல்வி பெரிதும் உதவிற்று.

1962-ஆம் ஆண்டில் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது லங்காசயரின் நெசவு ஆலைகளில் தறியின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பாலிஎத்திலீன். சார்ன்லி அதனை நகத்தால் கீறிப் பார்த்தார். மென்மையாக இருக்கவே, இது உதவாது என்று சொல்லிப் போய்விட்டார். கிரேவன் அதனைக் குப்பையில் எறியவில்லை. தாம் அமைத்த தேய்மான இயந்திரத்தில் அதனைப் பொருத்தி ஓடவிட்டார். இரவும் பகலும் இயந்திரம் ஓடிற்று. மூன்று வாரம் ஓடிய பின்னும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. கண்டதை அவர் தலைவரிடம் சொன்னார். சார்ன்லியும் தாம் முதலில் சொன்னதைப் பற்றி நில்லாமல், அளவையின் சொல்லுக்குத் தலைவணங்கினார். அவ்வாண்டு நவம்பர் மாதமே அந்தப் பொருளாற் செய்த கிண்ணம் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. இன்று முழங்கால் மாற்று மூட்டின் நடுவே இருக்கும் பிளாஸ்டிக்கும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

சார்ன்லி பின்னர் சர் பட்டம் பெற்றார். உலகம் அவரைப் போற்றியது. 1982-ஆம் ஆண்டில் மறைந்தார். கடைசல்காரர் கிரேவனின் பெயரை அறிந்தவர் சிலரே. ஒருவர் கேள்வி கேட்டார். மற்றொருவர் விடையை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். இருவருள் ஒருவர் இல்லாவிடினும் அந்தக் கிண்ணம் பிறந்திராது.

முழங்காலின் கதையும் கூட்டு முயற்சியின் கதையே. கனடா நாட்டு வின்னிபெக்கிலிருந்து ரைட்டிங்டனுக்கு வந்த பிராங்க் கன்ஸ்டன், பொறியியலும் மருத்துவமும் கற்றவர். முழங்கால் கதவின் கீல்போல் ஒரே அச்சில் திரும்புவதில்லை, மடங்க மடங்க அதன் அச்சும் இடம் பெயர்கிறது என்னும் உண்மையை மனத்திற்கொண்டு, அதற்கேற்ற மாற்று மூட்டை 1968-ஆம் ஆண்டளவில் அமைத்தார். பின்னர், 1974-ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகரத்து எலும்பு மருத்துவமனை ஒன்றில் இங்கிலாந்தில் பிறந்த ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத் என்னும் இரு மருத்துவர்களும், பீட்டர் வாக்கர் என்னும் பொறியியலாரும் இணைந்து அமைத்த மூட்டே இன்றைய முழங்கால் மூட்டுகள் பலவற்றுக்கு முன்மாதிரி. வேறு வேறு மண்ணில் பிறந்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து வரைந்த படம் அது.

மூட்டு நன்றாக அமைந்தபின் தழும்பின் சிக்கல் தனியே தெரியத் தொடங்கியது. உடைந்ததும் அறுத்ததும் ஆறவேண்டுமாயின் அசையாது கிடத்தல் வேண்டும் என்பதே மருத்துவர்களின் பழைய நம்பிக்கை. கனடாவின் டொராண்டோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் சால்ட்டர் என்னும் மருத்துவர் இந்த நம்பிக்கையை 1970-களில் சோதித்தார். முயல்களின் மூட்டுகளை இயந்திரத்தால் மெல்ல மெல்ல இடைவிடாது அசைத்தபோது, அசையாது வைத்த மூட்டுகளைவிடக் குருத்தெலும்பு நன்கு ஆறுவதைக் கண்டார். அதிலிருந்து, படுத்திருக்கும் நோயாளியின் காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரம் பிறந்தது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்னும் அது பல நாடுகளில் பரவியது.

இந்த இடத்தில் அறிவியலின் நேர்மையைக் கவனியுங்கள். இயந்திரம் பரவிவிட்டது என்பதற்காக ஆய்வாளர்கள் வாளா இருக்கவில்லை. அதனைப் பயன்படுத்திய நோயாளிகளையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் செய்தனர். மாற்று மூட்டுப் பெற்றவர்க்கு அதனால் விளையும் கூடுதல் நன்மை மிகச் சிறிதே என்று அவ்வாய்வுகள் காட்டின. சால்ட்டரின் அடிப்படைக் கருத்தாகிய அசைவின் நன்மை நிலைபெற்றது. இந்த ஓர் இடத்தில் இயந்திரத்தின்மீது வைத்த பெருநம்பிக்கை மட்டும் குறைந்தது. தம் நம்பிக்கைக்கு மாறான விடையையும் எழுதி வெளியிடுபவரே ஆராய்ச்சியாளர்.

இனி, நினைக்கத்தக்க மற்றொருவர் உளர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள மேயோ மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. முன்னாளில் அங்கே ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் பேரேட்டில் தத்தம் குறிப்புகளை எழுதிவந்தனர். ஒரு நோயாளியின் வரலாறு பல ஏடுகளில் சிதறிக் கிடக்கும். 1907-ஆம் ஆண்டில் ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவரும், மேபெல் ரூட் என்னும் அம்மையாரும் சேர்ந்து, நோயாளி ஒருவருக்கு ஓர் எண், அவரைப் பற்றிய தாள்கள் அனைத்துக்கும் ஒரே உறை என்ற முறையை ஏற்படுத்தினர். தாளை அடுக்குவதும் எண் இடுவதும் பெருஞ்செயலாகத் தோன்றா. ஆயின், 1969-ஆம் ஆண்டு முதல் அங்கு மாற்று மூட்டுப் பெற்றவர்களின் பதிவேடு தொடர்ந்து பேணப்பட்டு வருகிறது. யார் கால் மடங்கியது, யார் கால் மடங்கவில்லை, எத்தனை ஆண்டுக்குப் பின் என்ன நேர்ந்தது என்பதைப் பதிவேடு சொல்கிறது. சிதறாது காத்த தாள்கள் அல்லவோ பிற்காலத்து ஆய்வாளர்க்குக் கண்களாயின!

அத்தகைய பதிவேட்டை அடித்தளமாகக் கொண்டு, முழங்காலின் தழும்பை ஆராயும் கூடம் அங்கே நடைபெற்று வருகிறது. அதன் வேலை எத்தகையது என்று காண்போம். முயலின் முழங்காலில் அறுவை செய்து, மெல்லிய கம்பியால் அதனை எட்டு வாரம் மடக்கியே வைத்திருப்பார்கள். பின்னர்க் கம்பியை நீக்கி, கால் எவ்வளவு நீள்கிறது என்று கருவியால் அளப்பார்கள். ஒரு பகுதி முயல்களுக்கு மருந்து கொடுத்தும், மறு பகுதிக்குக் கொடாமலும் ஒப்பிடுவார்கள். உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதால், எத்தனை முயல், என்ன வலிநீக்கி, எவ்வளவு நாள் என்பவற்றை ஆராய்ந்து இசைவு தரும் குழு ஒன்று இருக்கும். முயல்களை நாள்தோறும் உணவூட்டிப் பேணுபவர் ஒருவர். திசுவை மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லிய தகடாகச் சீவிச் சாயமேற்றுபவர் மற்றொருவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கொலாஜன் இழைகளை மதிப்பிடுபவர் வேறொருவர். எந்தத் தகடு மருந்து பெற்ற முயலுடையது என்பது இவருக்குத் தெரியாதபடி மறைத்து வைப்பதும் உண்டு. ஏனெனில் விருப்பம் கண்ணை மயக்கும். இறுதியில் எண்களைச் சேர்த்து, வேற்றுமை உண்மையா, தற்செயலா என்று தீர்ப்புச் சொல்பவர் புள்ளியியல் வல்லுநர்.

முயலின் கால் மனிதனின் கால் ஆகிவிடாது. ஆகவே மனிதர்களின் திசுவும் ஆராயப்பட வேண்டும். தழும்பால் இறுகிய மூட்டை மீண்டும் அறுவை செய்து திருத்தும்போது நீக்கப்படும் திசுவை, நோயாளிகளின் இசைவோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தழும்பில்லாத பிறரது மூட்டுத் திசுவோடு அதனை ஒப்பிட்டு, எந்தெந்த மரபணுக்கள் மிகுதியாக விழித்தெழுந்து வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்கள். தாமே வேதனையுற்றுப் படுத்திருக்கும் ஒருவர், "என் திசுவால் எனக்குப் பயன் இல்லாவிடினும் பின்வருவோர்க்குப் பயன்படட்டும்" என்று இசைவுத்தாளில் கையெழுத்திடுகிறாரே, அவரும் அந்த ஆய்வுக்கூடத்தின் உறுப்பினர்தாம். அவர் பெயர் எந்தக் கட்டுரையின் முகப்பிலும் இடம்பெறுவதில்லை. ஓர் எண்ணாக மட்டுமே அவர் அங்கு வாழ்கிறார்.

2016-ஆம் ஆண்டில், பல நாட்டு வல்லுநர்கள் கலந்து ஆய்ந்து இந்நோய்க்கு ஒரு வரையறை வகுத்து வெளியிட்டனர். எலும்பின் தடையாலோ, மூட்டு தவறாகப் பொருத்தப்பட்டதாலோ, தொற்றாலோ, வலியாலோ அன்றி, அறுவைக்கு முன் இல்லாத தழும்பு மென்திசுவில் வளர்ந்ததால் முழங்கால் மடங்கும் அளவோ நீளும் அளவோ குறைவதே அந்நோய் என்பது அதன் கருத்து. நோய்க்குப் பெயரும் எல்லையும் வகுத்ததனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பெயரில்லாத துன்பம் நோயாளியின் குற்றமாக எண்ணப்படுகிறது. பெயர் பெற்றபின் அது நோயாகிறது, ஆராயத்தக்கதாகிறது, மருந்து தேடத்தக்கதாகிறது. அந்த வரையறையைப் படித்தபோது, "சோம்பேறி என்ற சொல்தான் நோகிறது" என்று சொன்ன பெரியம்மாவிடம் அதனை எளிய தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் இது என் உடம்பு செய்தது, நான் செய்ததன்று" என்றார். மருந்து எதுவும் தராத ஆறுதலை ஒரு வரையறை அவருக்குத் தந்ததை நான் கண்டேன்.

இதனால் பயிற்சி வேண்டுவதில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. அறுவைக்குப் பின் உரிய பயிற்சி இன்றியமையாதது. மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் செய்தே ஆகவேண்டும். கால் இறுகுமாயின் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் மயக்க மருந்தின் துணையோடு மடக்கிவிடுவது பெரும்பாலும் நல்ல பயன் தருகிறது. ஆனால், பயிற்சி செய்தும் மடங்காத காலைக் கண்டால், அந்த மனிதரின் முயற்சியை ஐயுறுதல் அறமன்று. உடலின் உள்ளே நடக்கும் போர் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தத் தழும்பை வரும்முன் தடுக்கவோ, வந்தபின் முற்றும் கரைக்கவோ இதற்கென்றே உரிய மருந்து ஒன்று இன்னும் கைக்கு வந்துவிடவில்லை. முயலின் காலில் நம்பிக்கை தந்த மருந்துகள் சில உண்டு. அவை மனிதர்க்கு எவ்வளவு பயன்படும் என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தே சொல்ல முடியும். வேலை முடிந்த கொத்தனை நன்றி கூறி அனுப்பிவைக்கவும் வேண்டும். புண் ஆறுமுன் அவனை விரட்டிவிடவும் கூடாது. இந்த நடுவழியைக் காண்பதுதான் அருமை. அதனாலேயே அவர்கள் விரைந்து வாக்குறுதி தருவதில்லை.

இளைஞர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர்களாகலாம். சிலர் பொறியியல் கற்கலாம். சிலர் கடைசல் பட்டறையில் நிற்கலாம். சிலர் அலுவலகத்தில் ஏடுகளைப் பேணலாம். எந்த வேலை உயர்ந்தது, எந்த வேலை தாழ்ந்தது என்று உலகம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்போது, ஒதுக்கப்பட்ட பிளாஸ்டிக்கை மூன்று வாரம் ஓடவிட்டுப் பார்த்தவரையும், தாள்களை ஓர் உறையில் சேர்த்த அம்மையாரையும், இருள் கலையுமுன் எழுந்து முயல்களுக்குப் புல்லும் நீரும் வைக்கும் பணியாளரையும் எண்ணிக்கொள்ளுங்கள். செய்யும் வேலையைத் திருந்தச் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பவர் எவராயினும், அவர் முகமறியாத ஒருவருடைய துன்பத்தைக் குறைக்கின்றார். முகமறியாத அந்த ஒருவர் எங்கோ ஒரு வாசலில், நெடுநாட்களுக்குப் பின், முழங்காலை மடக்கி அமர்ந்து ஒரு கோலம் இடுவார். அதனை இட்டவருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. அவர்களுக்கும் அந்தக் கோலம் தெரியாது. ஆயினும் அந்தக் கோலத்தின் ஒரு புள்ளி அவர்கள் வைத்ததே ஆகும்.